கனடா போகும் நம் பிள்ளைகளுக்கு: கைக்கு அடக்கமான விலையில் முதல் வேட்டை ரைபிள்

ஒவ்வொரு வருடமும் குளிருக்குத் தப்பி யாழ்ப்பாணம் வந்து நிற்கும் மாதங்களில் கனடா விசா கையில் கிடைத்த பிள்ளைகள் யாராவது வீட்டுக்கு வருவார்கள். வாடகை, வேலை, கார் லைசன்ஸ் எல்லாம் கேட்டு முடித்த பிறகு குரலைத் தாழ்த்தி, "மாமா, அங்க துவக்கு வாங்கலாமாமே?" என்பார்கள். சிலருக்கு வன்னியில் தாத்தாவோடு முயல் வேட்டைக்குப் போன நினைவு. சிலருக்கு யூடியூப் ஆசை. வாங்கலாம், சட்டப்படி, உழைக்கும் காசுக்குள்ளேயே வாங்கலாம். ஆனால் நான் அலைந்த மாதிரி நீங்களும் அலைய வேண்டியதில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரைபிள் என்பது இந்த வரிசையில் கடைசியாக வாங்க வேண்டிய சாமான். கடைக்குப் போய் எதைத் தூக்கினாலும் அழகாகத்தான் இருக்கும். எந்த இடத்தில் வேட்டையாடப் போகிறீர்கள், உங்கள் கை எவ்வளவு நீளம், ரவைக்கு மாதம் எவ்வளவு செலவழிக்க முடியும் என்ற மூன்றும் தெரியாமல் வாங்கினால் காசு வீண்.

இதில் உள்ள விவரம் ஒன்ராறியோவுக்கு உரியது. நோர்வே, அவுஸ்திரேலியா போகிறவர்களுக்குச் சட்டம் வேறு, பரீட்சை வேறு. ரைபிளைத் தெரிவு செய்யும் பகுதி மட்டும் அவர்களுக்கும் பொருந்தும்.

1. யாழ்ப்பாணத்தில் இருக்கும்போதே கவனிக்க வேண்டியவை

இங்கே துவக்கு என்றால் பாதுகாப்பு அமைச்சின் அனுமதிப்பத்திரம் வேண்டும், வருடா வருடம் புதுப்பிக்கவும் வேண்டும். பயிரைக் காக்க ஷொட்கன் வைத்திருக்கும் கமக்காரர் சிலர் உண்டு. அதைத் தவிரச் சாதாரண ஆளுக்கு வேட்டை ரைபிள் என்பது இங்கே நடக்கிற காரியமில்லை. "போகுமுன் வன்னியில ஒருக்கா சுட்டுப் பழகுவம்" என்று யாராவது கட்டுத்துவக்கோடு கூப்பிட்டால் போகாதீர்கள். அனுமதியில்லாத துவக்கோடு பிடிபட்டால் கனடாக் கனவும் அன்றோடு முடிந்தது.

அடுத்தது பயணப் பெட்டி. காணி துப்புரவு செய்யும்போது எடுத்த வெற்றுக் கோது, சாவிக்கொத்தில் கோத்த பழைய சன்னம் என்று ஞாபகத்துக்கு ஒன்றை வைத்திருக்கும் பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். பலாலியோ கட்டுநாயக்காவோ, ஸ்கேனரில் அது தெரிந்தால் உங்கள் விமானம் நீங்கள் இல்லாமல்தான் போகும். பெட்டி கட்டுமுன் பழைய பைகளின் மூலை முடுக்கெல்லாம் கைவிட்டுத் தடவிப் பாருங்கள்.

கடைசியாக, போகும் நாட்டில் உங்களை நெடுநாளாகத் தெரிந்தவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் எழுதி வையுங்கள். ஒன்றுவிட்ட அண்ணா, கூடப் படித்த பெடியன், ஊர்ச் சங்கத்துக்காரர், யாராக இருந்தாலும் சரி. இது எதற்கு என்று அடுத்த படியில் தெரியும்.

2. லைசன்ஸ்: பி.ஏ.எல்.

கனடாவில் துவக்கு வாங்க, வைத்திருக்க, ஒரு பெட்டி ரவை வாங்கக்கூட பி.ஏ.எல். என்ற அட்டை வேண்டும். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். குடியுரிமை இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. அட்டை 5 வருடத்துக்குச் செல்லும்.

முதல் வேலை சி.எஃப்.எஸ்.சி. எனப்படும் பாதுகாப்பு வகுப்பு. நேரில் போய்த்தான் படிக்க வேண்டும். எழுத்துப் பரீட்சை ஒன்று, செய்முறைப் பரீட்சை ஒன்று, இரண்டிலும் 80 புள்ளி எடுக்க வேண்டும். ஆங்கிலம் கொஞ்சம் தடுமாறுகிறவர்கள் எழுத்தை நினைத்துப் பயப்படுகிறார்கள். பெரும்பாலும் ஆளைக் கவிழ்ப்பது செய்முறைதான். மேசையில் கிடக்கும் துவக்கை எடுத்துக் கொடுப்பார்கள். குழலின் வாய் ஒரு கணம் பரிசோதகர் பக்கம் திரும்பினாலோ, விரல் விசைக்குள் போனாலோ புள்ளி பறக்கும். வகுப்பில் தருகிற கையேட்டை முதல் நாள் இரவே வாசித்துவிட்டுப் போங்கள்.

வகுப்புக் கட்டணம் இடத்துக்கு இடம் மாறும். 150 முதல் 250 டொலர் வரை எதிர்பாருங்கள். வேட்டைக்கும் போகிறவர்கள் ஒன்ராறியோ வேட்டைப் பயிற்சியையும் சேர்த்துத் தரும் வகுப்பைத் தேடினால் ஒரே வார இறுதியில் இரண்டும் முடியும், காசும் மிச்சம்.

பாஸ் பண்ணிய பிறகு ஆர்.சி.எம்.பி. என்ற கனடா மத்திய பொலிசுக்கு விண்ணப்பம். கட்டணம் 70 டொலரை ஒட்டி வரும். நம்மவர்கள் மாட்டுப்படும் இடங்கள் இந்தப் படிவத்தில்தான் இருக்கின்றன:

சாட்சிக்காரர்: 18 வயதுக்கு மேற்பட்ட இருவர் வேண்டும். உங்களைக் குறைந்தது 3 வருடமாகத் தெரிந்திருக்க வேண்டும். வந்து ஆறு மாதமான பிள்ளை கூட வேலை செய்கிற இருவரின் பெயரைப் போட்டால் விண்ணப்பம் திரும்பி வரும், இல்லாவிட்டால் இழுபடும். ஊரிலேயே எழுதி வைக்கச் சொன்ன பட்டியல் இதற்குத்தான். போடுகிற ஆள் தொலைபேசி எடுத்துப் பேசக்கூடியவராக இருக்கட்டும். பெயரைப் போடுமுன் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதிகாரி கூப்பிடும்போது "துவக்கோ? எனக்கொண்டும் தெரியாது" என்று சித்தப்பா பதறினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். படத்தில் கையெழுத்து வைப்பவருக்கு ஒரு வருடப் பழக்கம் போதும்.

மனைவி அல்லது கணவர்: இப்போது சேர்ந்து வாழ்கிறவரும், கடந்த 2 வருடத்துக்குள் பிரிந்தவரும் கையெழுத்து வைக்க வேண்டும். வைக்காவிட்டால் அவர்களுக்கு அறிவித்தல் போகும். வீட்டுக்காரியிடம் மறைத்து வாங்கலாம் என்ற நினைப்பு இருந்தால் இங்கேயே கைவிடுங்கள்.

தனிப்பட்ட கேள்விகள்: மன அழுத்தம், தற்கொலை எண்ணம், குடும்ப வன்முறை, வழக்கு, வேலை இழப்பு என்று கேட்டிருப்பார்கள். உள்ளதை எழுதுங்கள். சிகிச்சை எடுத்ததால் மட்டும் லைசன்ஸ் மறுக்கப்படும் என்றில்லை. மறைத்தது தெரிந்தால்தான் பெரிய சிக்கல். போரைக் கண்ட தலைமுறை நாம். வெடிச்சத்தம் கேட்டால் இன்னும் நெஞ்சு அடைக்கிற ஆட்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். வகுப்பில் வெடி இல்லை. ஆகவே ரேஞ்ச் எனப்படும் சுட்டுப் பழகும் இடத்துக்கு யாரோடாவது ஒருமுறை போய், அந்தச் சத்தத்தோடு உங்களால் இருக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டணத்தைக் கட்டுங்கள்.

முதல் தடவை விண்ணப்பிப்பவருக்கு 28 நாள் கட்டாயக் காத்திருப்பு உண்டு. அது ஆகக் குறைந்த காலம். உண்மையில் மாதக்கணக்கில் போகலாம். நவம்பர் மான் காலத்துக்கு ரைபிள் வேண்டுமானால் மாசி, பங்குனியிலேயே வகுப்பை முடித்துவிடுவது நல்லது. செப்டெம்பரில் வகுப்புக்குப் போய்விட்டு நவம்பருக்கு அட்டை வரும் என்று கனவு காணாதீர்கள்.

3. வேட்டை லைசன்ஸ் தனி

பி.ஏ.எல். இருந்தால் துவக்கு வைத்திருக்கலாம், வேட்டையாட முடியாது. வேட்டைப் பயிற்சியில் தேறி, அவுட்டோர்ஸ் கார்ட் எடுக்க வேண்டும். அது 8.57 டொலர், 3 நாட்காட்டி வருடத்துக்குச் செல்லும். அதன் மேல் முயல், குருவி போன்ற சிறு வேட்டைக்கு ஒரு லைசன்ஸ், மானுக்கு வேறு, மூஸ் என்ற மிகப் பெரிய மானினத்துக்கு வேறு. ஒன்ராறியோவாசி என்ற கணக்கில் குறைந்த கட்டணத்துக்கு எடுக்க, கடந்த 12 மாதத்தில் தொடர்ந்து 6 மாதமாவது அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். வந்து இறங்கிய கையோடு எடுக்க நினைக்கிறவர்கள் இதில் தடுக்கி விழுகிறார்கள்.

4. எங்கே வேட்டை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

இதைத்தான் எனக்கு யாரும் சொல்லவில்லை. ஸ்காபரோ, மார்க்கம், பிரம்டன் என்று நம்மவர்கள் இருக்கும் இடமெல்லாம் தென் ஒன்ராறியோ. தெற்கில் பல கவுண்டிகளில் (மாவட்டம் மாதிரி) .275ஐவிடப் பெரிய கலிபர் (குழலின் உள் அகலம், அங்குலத்தில்) ரைபிளை வேட்டைக்குக் கொண்டுபோகத் தடை. மானுக்கோ, தெற்கின் பல பகுதிகளில் ரைபிளே செல்லாது. ஷொட்கன், வாய்வழி மருந்திடும் துவக்கு, வில் இவற்றில் ஒன்றுதான். அதாவது 1,000 டொலர் கொடுத்து .308 வாங்கிய ஆள் வீட்டிலிருந்து ஒரு மணித்தியாலத் தூரத்துக்குள் அதைப் பயன்படுத்த இடமில்லாமல் நிற்கலாம்.

மாகாண அரசு வருடந்தோறும் வேட்டை விதிச் சுருக்கம் வெளியிடும். இலவசம். அதில் மாகாணம் முழுவதும் எண்ணிட்ட வனவிலங்கு அலகுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். நீங்கள் போகப்போகும் அலகின் எண்ணைக் கண்டுபிடித்து, எந்த மாதம், எந்த மிருகம், எந்த ஆயுதம் என்று அட்டவணையில் விரல் வைத்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை துவக்கு வேட்டை அனுமதியா என்பதையும் பாருங்கள். தெற்கில் சில நகரசபைகளில் அது இல்லை. நம்மில் பலருக்கு லீவு கிடைப்பதே ஞாயிறுதான்.

ஆகவே என் கணக்கு இப்படி: பான்கிராப்ட், பாரி சவுண்ட் பக்கம் அல்லது அதற்கும் வடக்கே மானுக்குப் போகத் துணைக்கு ஆளும் வாகனமும் இருந்தால் கீழே சொல்லும் ரைபிள்களைப் பாருங்கள். ரொறன்ரோவைச் சுற்றி முயல், அணில் மட்டும்தான் என்றால் ஒரு .22 போல்ட் ரைபிள் (ஒவ்வொரு வெடிக்கும் கையால் இழுத்து ரவை ஏற்றுவது) போதும். அது இருப்பதில் மலிவு, ரவையும் மலிவு, தோளும் நோகாது. முதல் துவக்காக .22 வாங்குவதில் எந்த வெட்கமும் இல்லை. விசையை இழுக்கும் பழக்கம் அதில்தான் சரியாக வரும்.

5. கலிபர்

போல்ட் ரைபிள்தான் வேண்டுமா, தானாக ரவை ஏறும் துவக்கு ஆகாதா என்று கேட்பார்கள். 2020 மே மாதத்திலிருந்து கனடா அரசு அரைத் தானியங்கித் துவக்குகளை வகை வகையாகத் தடை செய்து வருகிறது. இன்று வாங்கியது நாளை பட்டியலில் ஏறலாம். சாதாரண வேட்டைப் போல்ட் ரைபிளுக்கு அந்தத் தலையிடி இல்லை. ஒவ்வொரு வெடிக்கும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டியிருப்பதால் பழகுகிறவருக்கு நிதானமும் வரும்.

கடைகளில் எளிதாக ரவை கிடைப்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

.243 வின்செஸ்டர்: உதைப்பு குறைவு. மானுக்குப் போதும், மூஸுக்குப் போதாது. மெல்லிய உடம்புக்காரருக்கும் துவக்கையே தொட்டறியாதவருக்கும் நல்லது.

6.5 கிரீட்மோர்: உதைப்பு மிதமானது, தூரத்துக்கும் நேராகப் போகும். இப்போது எல்லாக் கடையிலும் உண்டு.

.308 வின்செஸ்டர்: என் தெரிவு. மான், கரடி, மூஸ் எல்லாவற்றுக்கும் ஆகும். எந்தச் சின்ன ஊர்க் கடையிலும் ஒரு பெட்டியாவது இருக்கும். வேட்டைக்குப் போகும் வழியில் ரவையை வீட்டில் விட்டுவந்தது தெரியும்போது இதன் அருமை புரியும்.

.30-06: .308ஐவிடச் சற்றுப் பலம், சற்று அதிக உதைப்பு. பழைய ரைபிள் சந்தையில் நிறையக் கிடைக்கும்.

.270 வின்செஸ்டர் அருமையான கலிபர். ஆனால் அதன் சன்னம் .277 அங்குலம். மேலே சொன்ன .275 எல்லைக்கு மயிரிழையில் நிற்பதால், அது அதற்குள் அடங்குமா என்று உறுதி செய்யாமல் வாங்காதீர்கள். 6.5 கிரீட்மோர் .264 என்பதால் அந்த எல்லைக்குள் நிற்கும். தெற்கிலும் வடக்கிலும் ஒரே ரைபிளைக் கொண்டு திரிய நினைப்பவர் இதைக் கவனிக்க வேண்டும்.

மேக்னம் (கூடிய மருந்துள்ள பலத்த ரவை) என்று பெயர் வரும் எதையும் முதல் ரைபிளாக வாங்காதீர்கள். ஒரு கடையில் எனக்கு .300 வின்செஸ்டர் மேக்னத்தைத் தள்ளிவிடப் பெரும்பாடு பட்டார்கள், "கரடி வந்தால் என்ன செய்வீர்கள்?" என்ற ரீதியில். உதைப்புக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு சுடுகிறவனுக்கு மேக்னமும் ஒன்றுதான், சீனவெடியும் ஒன்றுதான்.

ரவை விலை மாறிக்கொண்டே இருக்கும். .308இல் 20 கொண்ட பெட்டி மலிவானது 35 முதல் 60 டொலர் வரை போகும். முதல் வருடத்துக்கு ஐந்து பெட்டியாவது கணக்கில் வையுங்கள்.

6. எந்த ரைபிள்

கீழே உள்ள விலைகள் வரிக்கு முந்தியவை, ஏறக்குறையத்தான். ஒன்ராறியோவில் 13 வீத விற்பனை வரி அதன் மேல் ஏறும். விலைச்சீட்டைப் பார்த்துச் சந்தோசப்படுமுன் அதைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

சாவேஜ் ஆக்சிஸ்: இருப்பதில் மலிவு. 500, 600 டொலருக்குள். ஸ்கோப்போடு (குறிபார்க்கும் தூரக்கண்ணாடி) சேர்ந்த ஆக்சிஸ் 2 பொதி 700ஐ ஒட்டி வரும். கட்டை பிளாஸ்டிக், போல்ட் கொஞ்சம் கரகரக்கும், கைப்பிடியை 90 பாகை தூக்க வேண்டும். ஆனால் நேராகச் சுடும். வாங்கினால் ஆக்சிஸ் 2தான் வாங்குங்கள். அதில் உள்ள அக்யூட்ரிகர் விசை, சாதாரண ஆக்சிஸின் விசையைவிட எவ்வளவோ மேல்.

ரூகர் அமெரிக்கன்: 700 முதல் 900. போல்ட் 70 பாகையில் திறக்கும், ஆகவே மேலே உள்ள ஸ்கோப்பில் கை இடிக்காது. மலிவு வகையில் என் மனத்துக்குப் பிடித்தது இதுதான்.

வின்செஸ்டர் எக்ஸ்.பி.ஆர்., மொஸ்பெர்க் பேட்ரியட்: இதே விலைப் பக்கம். தோளில் பொருந்தினால் தாராளமாக எடுக்கலாம்.

டிக்கா டி3எக்ஸ் லைட்: பின்லாந்துச் சாமான், 1,000 டொலரைத் தாண்டும். போல்ட் வழுக்கிக்கொண்டு போகும். வடக்கே காவல் செய்யும் கனடிய ரேஞ்சர்களின் சி-19 ரைபிள் இந்த டிக்காவை அடியாக வைத்துச் செய்யப்பட்டதுதான். காசு இருந்தால் ஒரே தடவையில் இதை வாங்கிவிடலாம். கடன் அட்டையில் வாங்குவதானால் வேண்டாம். மானுக்கு வித்தியாசம் தெரியாது.

புதிதாக வந்த பிள்ளைகள் விலையைக் கேட்பார்கள், படத்தைப் பார்ப்பார்கள், தோளில் வைத்துப் பார்க்க மாட்டார்கள். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ரைபிளின் பின்கட்டை முனையிலிருந்து விசை வரைக்கும் உள்ள நீளம் பெரும்பாலான ரைபிளில் 13.5 அங்குலத்துக்கு மேல். அது ஆறடி வெள்ளைக்காரனின் கைக்கு அளந்தது. நம்மில் ஐந்தடி நான்கு, ஐந்து அங்குலம் உள்ளவர் அதைத் தோளில் வைத்தால் கழுத்தை நீட்டித்தான் ஸ்கோப்புக்குள் பார்க்க வேண்டியிருக்கும். கடையில் இப்படிச் சோதியுங்கள்: துவக்கு வெறுமையா என்று விற்பனையாளரும் நீங்களும் பார்த்த பிறகு, பாதுகாப்பான பக்கம் நோக்கி, கண்ணை மூடிக்கொண்டு ரைபிளைத் தோளுக்குக் கொண்டுவாருங்கள். கன்னத்தைக் கட்டையில் வைத்துவிட்டுக் கண்ணைத் திறவுங்கள். ஸ்கோப்பின் வட்டம் முழுதாக, கரைகளில் கறுப்பு நிழல் இல்லாமல் தெரிந்தால் பொருந்துகிறது. தலையை முன்னும் பின்னும் ஆட்டித்தான் வட்டம் பிடிக்கிறது என்றால் பொருந்தவில்லை. இதை நவம்பரில் போடும் தடித்த ஜக்கெற்றோடு செய்து பாருங்கள். ஜக்கெற்றின் தடிப்பும் அந்த நீளத்தோடு சேர்ந்துவிடும். ஆடி மாதம் டீ-சேர்ட்டோடு போய்ப் பொருந்தியது என்று வாங்கியது பனிக்காலத்தில் நீளமாகப் போய்விடும்.

நீளமென்றால் கொம்பாக்ட் என்ற சின்ன வகையைக் கேளுங்கள். சாவேஜ், ரூகர் இரண்டிலும் உண்டு, பின்கட்டை ஒரு அங்குலமளவு குறைவு. சிறுவருக்கானது என்று விற்பனையாளர் சிரித்தால் சிரிக்கட்டும். இடதுகைக்காரருக்கு இடதுகைப் போல்ட் தனியாக உண்டு, அதையும் கேட்டு வாங்குங்கள்.

7. பழையது வாங்கலாமா

வாங்கலாம். அரைக் காசுக்கு நல்ல ரைபிள் கிடைக்கும். ஊரில் ஒரு காலத்தில் பொலிஸ்காரர் தோளில் தொங்கிய அதே .303 லீ-என்பீல்ட், கட்டை குறைத்து வேட்டைக்கு மாற்றியபடி கனடாவில் இன்னும் கைமாறுகிறது. ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் லோங் பிராஞ்சிலேயே போர்க்காலத்தில் செய்த ரைபிள் அது. ஆசைக்கு நல்லது. முதல் ரைபிளாக நான் சொல்ல மாட்டேன். ரவை விலை கூட, ஸ்கோப் பூட்டுவது தலைவலி.

எதை வாங்கினாலும் இவற்றைப் பாருங்கள். போல்ட்டைக் கழற்றிவிட்டு, குழலின் பின்பக்கத்திலிருந்து வெளிச்சத்தை நோக்கிப் பாருங்கள். உள்ளே சுழலும் கோடுகள் கூர்மையாகவும் பளபளப்பாகவும் இருக்க வேண்டும். கரும்புள்ளிகள், துருக் குழிகள் இருந்தால் விட்டுவிடுங்கள். குழலின் வாய் விளிம்பில் அடிபட்ட தழும்பு இருக்கக்கூடாது. வெறுந்துவக்கில் சேஃப்டியை (வெடிக்காமல் தடுக்கும் பொத்தான்) போட்டு விசையை இழுத்து, விரலை எடுத்து, பிறகு சேஃப்டியை நீக்குங்கள். அந்த நேரம் "டிக்" என்று விழுந்தால் அது உயிருக்கு ஆபத்தான துவக்கு. பழைய ரெமிங்டன் 700 பார்ப்பவர்கள் 2014இல் அதன் எக்ஸ்-மார்க் ப்ரோ விசைக்குத் திரும்பப்பெறும் அறிவித்தல் வந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள். 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை செய்தவை அதில் அடங்கும். விசை மாற்றப்பட்டதா என்று கேட்காமல் வாங்க வேண்டாம். மிகப் பழைய ரைபிளைத் துவக்குத் திருத்துநரிடம் காட்டி, ரவை அமரும் இடத்தின் இடைவெளியை அளவுமானியால் பார்க்கச் சொல்லுங்கள்.

தாள் வேலையும் உண்டு. 2022 மே 18 முதல், தனியாள் விற்றாலும் உங்கள் லைசன்ஸ் செல்லுபடியானதா என்று விற்பவர் ஆர்.சி.எம்.பி.யிடம் சரிபார்த்து, ஒரு குறிப்பு எண் பெற வேண்டும். "அதெல்லாம் வேண்டாம், தெரிஞ்ச ஆள்தானே, காசைத் தந்திட்டு எடுத்துக்கொண்டு போ" என்று நம்மாள் ஒருவரே சொன்னாலும் கை நீட்டாதீர்கள். கியூபெக்கில் இருப்பவர் மாகாணப் பதிவையும் செய்ய வேண்டும். மொன்றியல் சொந்தங்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

8. ஸ்கோப், மற்றச் செலவுகள்

3-9 பெருக்கம், 40 மில்லிமீற்றர் கண்ணாடி. மான் வேட்டைக்கு இதற்கு மேல் தேவையில்லை. வோர்டெக்ஸ், லியூபோல்ட், புஷ்னெல் இவற்றில் 200 முதல் 350 டொலருக்குள் நல்லது கிடைக்கும். பொதியோடு வரும் ஸ்கோப் ஓரளவுக்குத்தான் இருக்கும். ஆனால் முதல் வருடத்துக்குப் போதும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே மூன்றரை அங்குலமாவது இடைவெளி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உதைக்கும்போது புருவத்தைக் கிழிக்கும். புருவத்தில் பிறைத் தழும்போடு திரிகிற வேட்டைக்காரரைக் கண்டால் காரணம் கேட்கத் தேவையில்லை.

முழுக் கணக்கைப் போடுவோம். ஸ்கோப்போடு ஆக்சிஸ் 2 பொதி 700, அதற்கு வரி 91. வகுப்பும் பி.ஏ.எல்.லும் 300. ரவை ஐந்து பெட்டி 200. விசைப் பூட்டு, உறை, காது மூடி, துப்புரவுச் சாமான் எல்லாமாக 150. ஏறக்குறைய 1,450 டொலர். இதற்குள் வேட்டை லைசன்ஸ், ரேஞ்சுக் கட்டணம், செம்மஞ்சள் உடுப்பு இல்லை. துவக்கு வேட்டைக் காலத்தில் இடுப்புக்கு மேலே 400 சதுர அங்குலத்துக்குக் குறையாத செம்மஞ்சளும் அதே நிறத் தொப்பியும் கட்டாயம். காது மூடியில் மிச்சம் பிடிக்காதீர்கள். போன செவி திரும்பி வராது.

விலை குறைய வேண்டுமானால் வேட்டைக் காலம் முடிந்த மார்கழி, தை மாதங்களில் வாங்குங்கள். ஒக்ரோபரில் எல்லோரும் கடைக்கு ஓடுவார்கள், அப்போது இருப்பதைத்தான் எடுக்க வேண்டும்.

9. குறி வைத்தல்

கடையில் ஸ்கோப்பைப் பூட்டிக் கொடுத்தால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். கடைக்காரர் செய்வது ஏறக்குறைய நேராக்குவது மட்டும். ரேஞ்சில் முதலில் 25 யாரில் (ஒரு யார் மூன்றடி) தொடங்குங்கள். 100 யாரில் தொடங்கினால் தாளிலேயே படாமல் ஒரு பெட்டி ரவை கரையும்.

பெரும்பாலான ஸ்கோப்பில் ஒரு கிளிக் என்றால் 100 யாரில் கால் அங்குலம். ஆகவே 100 யாரில் ஒரு அங்குலம் நகர்த்த 4 கிளிக், 25 யாரில் 16 கிளிக். மூன்று வெடி வைத்து, மூன்றின் நடுவைப் பாருங்கள். ஒரு வெடியை நம்பித் திருகாதீர்கள். 100 யாரில் நடு 3 அங்குலம் கீழே, 2 அங்குலம் இடப்பக்கம் என்றால் மேலே 12, வலப்பக்கம் 8. மறுபடி மூன்று. குழல் சுட்டால் ஆற விடுங்கள், தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். .308 என்றால் 100 யாரில் 2 அங்குலம் மேலே அடிக்கும்படி வைத்தால் 200 யார் அளவில் நேராகப் படும். முதல் வருடம் 100 யாருக்கு அப்பால் மிருகத்தைச் சுடாதீர்கள்.

குறி வைத்த அதே ரவையைத்தான் வேட்டைக்கும் கொண்டுபோக வேண்டும். கொம்பனி மாறினால் படும் இடமும் மாறும்.

10. வீட்டில் வைத்தல், கொண்டு திரிதல்

ரவை இறக்கியிருக்க வேண்டும். அதோடு விசைப் பூட்டு போட வேண்டும், அல்லது போல்ட்டைக் கழற்றி வைக்க வேண்டும், அல்லது பூட்டிய பெட்டியிலோ அறையிலோ வைக்க வேண்டும். ரவை துவக்கோடு சேர்த்து எளிதில் எடுக்கக்கூடியதாக இருக்கக்கூடாது, இல்லாவிட்டால் துவக்கோடு சேர்த்தோ தனியாகவோ பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். நம் வீடுகளில் பேஸ்மென்ற்றில் வாடகைக்கு ஆள், மேலே மாமா குடும்பம், சனிக்கிழமை பிறந்தநாள் விழா. ஆகவே சட்டத்தின் ஆகக்குறைந்த அளவோடு நிற்காமல் இரும்புப் பெட்டியும் விசைப் பூட்டும் இரண்டையும் வையுங்கள். திறப்பு உங்களிடம் மட்டும். லைசன்ஸ் இல்லாத அண்ணாவிடம் திறப்பைக் கொடுத்துவிட்டு மூன்று மாதம் ஊருக்குப் போவது சரியல்ல. லைசன்ஸ் உள்ள நண்பரின் பெட்டியில் வைத்துவிட்டுப் போங்கள்.

காரில் ரவை ஏற்றிய துவக்கு கூடவே கூடாது. கோப்பி குடிக்க இறங்கினாலும் ரைபிள் டிக்கிக்குள் இருக்க வேண்டும், கார் பூட்டியிருக்க வேண்டும்.

படம் எடுக்கும் பழக்கத்தையும் சொல்ல வேண்டும். ரைபிளோடு நின்று எடுத்த படத்தை முகநூலில் போடாதீர்கள். போட்டால் வீட்டில் துவக்கு இருப்பது கள்ளனுக்குத் தெரியும், அகதி வழக்கோ குடிவரவு விண்ணப்பமோ நடந்துகொண்டிருந்தால் அதற்கும் நல்லதல்ல. இலங்கைக்கு வரும்போது போனில் அந்தப் படங்களை வைத்துக்கொண்டு வராதீர்கள். மான் வேட்டைக்குப் போனேன் என்று கனடாவில் சொன்னால் விளங்கும். இங்கே சோதனைச் சாவடியில் ஒருவருக்கு அதை விளங்கப்படுத்திக்கொண்டு நிற்க உங்களுக்கு என்ன தலைவிதி?

11. வாங்கிய பிறகு வரும் தாள்கள்

மான், மூஸ் லைசன்ஸ் எடுத்தவர் காலம் முடிந்ததும் மாகாணத்துக்கு வேட்டை அறிக்கை கொடுக்க வேண்டும். ஒன்றும் கிடைக்காவிட்டாலும், போகவே இல்லை என்றாலும் கட்டாயம்.

வீடு மாறினால் 30 நாளுக்குள் ஆர்.சி.எம்.பி.க்குப் புது முகவரியைச் சொல்ல வேண்டும். முதல் சில வருடத்தில் வாடகை வீடு மாறாதவர் யார்? பி.ஏ.எல். முடியுமுன் புதுப்பிக்கும் கடிதமும் அந்த முகவரிக்குத்தான் வரும். பழைய வீட்டுக்காரர் அதைக் குப்பையில் போட்டுவிட்டால், அட்டை காலாவதியான அன்றிலிருந்து ரைபிளைச் சுடவோ ரவை வாங்கவோ முடியாது, ஆறு மாதத்துக்குள் புதுப்பிக்காவிட்டால் வீட்டில் இருக்கும் ரைபிளுக்கு நீங்கள் லைசன்ஸ் இல்லாத ஆள். முடியும் திகதியைப் போனில் ஆறு மாதம் முன்னதாக அலாரம் போட்டு வையுங்கள்.